பழைய வெப்கேமில் நெபுலாவைப் பிடிக்கலாம்: நீண்ட எக்ஸ்போஷர் மாற்றம், முதல்முறை செய்பவர்களுக்கு

சாதாரண வெப்கேம் ஒரு ஃபிரேமுக்கு வெளிச்சம் சேர்க்கும் நேரம் நொடியில் 25-ல் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் 5-ல் ஒரு பங்கு. நிலாவுக்கும் வியாழனுக்கும் அது தாராளம். விண்வெளியில் மங்கலாக ஒளிரும் வாயு மேகமான நெபுலாவுக்கு அது போதவே போதாது, அங்கிருந்து வரும் வெளிச்சத்தைப் பத்து நொடி, முப்பது நொடி, சில சமயம் அதற்கும் மேல் விடாமல் சேர்த்தால்தான் ஏதாவது தெரியும். ஆனால் அந்தக் கேமராவுக்குள் இருக்கும் சென்சாரால் நீண்ட நேரம் வெளிச்சம் சேர்க்க முடியும், சுற்றியிருக்கும் மின்னணுச் சுற்றுதான் அதை விடுவதில்லை. 2000-களின் தொடக்கத்தில் ஸ்டீவ் சேம்பர்ஸ் என்பவர் ஃபிலிப்ஸ் வெப்கேம்களில் இந்தத் தடையை நீக்கும் வழியைக் காட்டினார். அவர் பெயரின் முதலெழுத்துகளை வைத்துத்தான் இன்றும் இதை எஸ்சி மாற்றம் என்கிறார்கள்.

வேலை என்று பார்த்தால் ஒரே ஒரு சிக்னல் கம்பியில் ஒரு சுவிட்ச் வைப்பதுதான். அது எந்தக் கம்பி, ஏன் அதை மறிக்கிறோம் என்று புரியாமல் படத்தைப் பார்த்து அப்படியே சாலிடர் செய்தால் ஏதாவது கோளாறு வரும்போது எங்கே தேடுவது என்றே தெரியாது. அதனால் முதலில் கொஞ்சம் விஷயம், அப்புறம் சாலிடரிங் அயர்ன்.

எந்தக் கேமரா

சென்சாரில் சிசிடி, சிமாஸ் என்று இரண்டு வகை உண்டு. சிசிடி சென்சார் உள்ள கேமராதான் வேண்டும். இப்போது வருகிற வெப்கேம்கள் அனேகமாக எல்லாமே சிமாஸ் சென்சார், அவற்றில் நேரக் கட்டுப்பாடு சென்சார் சிப்பின் உள்ளேயே நடப்பதால் வெளியில் மறிப்பதற்குக் கம்பியே இருக்காது. பழைய ஃபிலிப்ஸ் வெஸ்டா ப்ரோ, டூயூகேம் ப்ரோ, டூயூகேம் ப்ரோ 2, எஸ்பிசி 900என்சி, லாஜிடெக் குயிக்கேம் ப்ரோ 3000, 4000 ஆகியவை பொருத்தமானவை. இவற்றில் இருப்பது சோனியின் ஐசிஎக்ஸ்098 குடும்பத்து சென்சார்: 640-க்கு 480 பிக்சல், ஒவ்வொரு பிக்சலும் 5.6 மைக்ரான்.

பெட்டி இல்லாமல் பழைய கேமரா ஒன்று கையில் கிடைத்தால் லென்ஸைத் திருகிக் கழற்றிவிட்டு, உறையையும் திறந்து போர்டைப் பாருங்கள். இரண்டு பக்கமும் வரிசையாகக் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும் சென்சார் என்றால் சிசிடியாக இருக்க நல்ல வாய்ப்பு. கால் எதுவும் தெரியாமல் போர்டோடு ஒட்டிக் கிடந்தால் பெரும்பாலும் சிமாஸ். எதுவானாலும் சிப்பின் மேல் இருக்கும் எண்ணைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். இந்தப் பழைய மாடல்களில் பலவற்றுக்கு 64 பிட் விண்டோஸ் டிரைவர் கிடைப்பது சிரமம். லினக்ஸ் கெர்னலில் பிடபிள்யூசி என்ற டிரைவர் இருக்கிறது, ஃபிலிப்ஸ் கேமராக்களை அது நன்றாகவே அடையாளம் காணும். கேமராவைத் திறப்பதற்கு முன்பே உங்கள் கணினியில் அது ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடாத கேமராவில் எவ்வளவு அழகாக சாலிடர் செய்தாலும் பிரயோஜனம் இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது

சிசிடியில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு ஏரி என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சம் விழ விழ மின்னூட்டம் அதில் தேங்குகிறது. பக்கத்திலேயே ஒரு வாய்க்கால் ஓடுகிறது, அதுதான் செங்குத்து ரெஜிஸ்டர். ஏரிக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் ஒரு மதகு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒருமுறை டைமிங் சிப்பிலிருந்து ஒரு சிறிய பல்ஸ் வந்து எல்லா மதகுகளையும் ஒரே நேரத்தில் திறக்கிறது, தேங்கியது முழுக்க வாய்க்காலில் இறங்கி, வரிசை வரிசையாக நகர்ந்து, மூலையில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் வழியாக வெளியே போகிறது.

அந்தப் பல்ஸை வரவிடாமல் மறித்துவிட்டால் மதகு திறக்காது. வாய்க்கால் வெறுமையாக ஓடிக்கொண்டிருக்கும், அதாவது கணினியில் கறுப்பு ஃபிரேம்கள் வந்துகொண்டே இருக்கும், பிக்சலில் மட்டும் மின்னூட்டம் சேர்ந்துகொண்டே போகும். முப்பது நொடி கழித்துப் பல்ஸை விட்டால் அடுத்து வரும் ஒரே ஒரு ஃபிரேமில் முப்பது நொடி வெளிச்சமும் வந்து சேரும். மாற்றம் என்பது மொத்தமும் இவ்வளவுதான்.

கூடவே இன்னொரு பல்ஸும் உண்டு, எலக்ட்ரானிக் ஷட்டருக்கானது. அது வந்தால் பிக்சலில் சேர்ந்ததையெல்லாம் சென்சாரின் அடித்தளத்துக்குக் கொட்டிவிடும். மென்பொருளில் ஷட்டரை மிக மெதுவான வேகத்தில் வைத்தால் சில கேமராக்களில் இந்தப் பல்ஸ் வருவதே இல்லை, சிலவற்றில் அதையும் சேர்த்து மறிக்க வேண்டியிருக்கும். மாற்றம் செய்த பிறகும் பத்து நொடிப் படமும் இரண்டு நொடிப் படமும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

தேவையானவை

நுனி மெலிந்த, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தக்கூடிய சாலிடரிங் அயர்ன், ஃப்ளக்ஸ், மெல்லிய சாலிடர், 0.25 மி.மீ. அளவிலான ஒற்றை இழை ஒயர், எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பி கொஞ்சம், மல்டிமீட்டர், பூதக்கண்ணாடி, ஹாட் க்ளூ. மணிக்கட்டில் கட்டும் நிலைமின் பட்டையை விட்டுவிடாதீர்கள். சிசிடியும் அதை ஓட்டும் சிப்பும் நிலைமின்னுக்கு எளிதில் பலியாகும், போனது வெளியில் தெரியவும் தெரியாது.

சாலிடரிங்கே புதிது என்றால் பழுதான ஏதாவது ஒரு போர்டை எடுத்து அதில் இருக்கும் பொடி சிப்புகளின் காலைத் தூக்கிப் பழகுங்கள். பத்துக் கால்களைச் சேதமில்லாமல் தூக்க வந்த பிறகு கேமராவைத் தொடுங்கள்.

திறந்ததும் செய்ய வேண்டியவை

யூஎஸ்பி கம்பியைக் கணினியிலிருந்து பிடுங்கிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். போர்டை வெளியே எடுத்ததும் நாலு பக்கத்திலிருந்தும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள், எந்தக் கம்பி எங்கே இருந்தது என்று பின்னால் தேட வேண்டி வரும். சென்சாரின் கண்ணாடியில் தூசி படாமல் இருக்க அதன் மேல் சிறிய காகித மூடி ஒன்றை வைத்து ஓரத்தில் மட்டும் டேப் ஒட்டுங்கள். டேப்பின் பசை கண்ணாடியில் படவே கூடாது.

கேமரா ஓடுவதைக் காட்டும் சின்ன எல்இடி விளக்கைக் கழற்றிவிடுங்கள். நொடியில் 25-ல் ஒரு பங்கு எக்ஸ்போஷரில் அதன் வெளிச்சம் தெரியாது, முப்பது நொடியில் போர்டின் இடுக்கு வழியாகக் கசிந்து படத்தின் ஒரு பக்கத்தையே வெளுக்க வைத்துவிடும். மைக்கையும் எடுத்துவிடலாம், நாம் சுவிட்சாக வைக்கப்போகும் கேட் சிப்பை உட்கார வைக்க இடம் கிடைக்கும்.

காலைத் தூக்குவது

மறிக்க வேண்டிய பல்ஸ், டைமிங் சிப்பிலிருந்து செங்குத்து டிரைவர் சிப்புக்குப் போகிறது. எத்தனையாவது கால் என்பது மாடலுக்கு மாடல் மாறும். இந்த விஷயத்தில் யார் சொன்ன எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் போர்டில் இருக்கும் டிரைவர் சிப்பின் எண்ணைப் படித்து, அதன் தரவுத்தாளை எடுத்து, பிக்சலிலிருந்து மின்னூட்டத்தை இறக்கும் பல்ஸுக்கான உள்ளீடு எந்தக் கால் என்று நீங்களே பார்த்து உறுதி செய்யுங்கள். சிப்பின் ஒரு மூலையில் இருக்கும் புள்ளிக்குப் பக்கத்துக் காலிலிருந்து, மேலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராக எண்ண வேண்டும்.

அந்தக் காலுக்குப் போகும் செம்புத் தடம் போர்டின் மேற்பரப்பில் தெளிவாகத் தெரிகிறதா? அப்படியென்றால் காலைத் தூக்குவதைவிடக் கூரான பிளேடால் தடத்தை வெட்டுவதே புதியவர்களுக்கு நல்லது என்பது என் கருத்து. தடத்தை வெட்டினால் மறுபடி ஒரு துளி சாலிடரில் ஒட்டிவிடலாம், கால் ஒடிந்தால் சிப்பே போய்விடும். தடம் சிப்புக்கு அடியிலோ போர்டின் உள் அடுக்கிலோ போனால் காலைத் தூக்குவதைத் தவிர வழியில்லை.

தூக்குவதற்கு எனாமல் கம்பி உதவும். கம்பியின் ஒரு முனையைக் கால்களுக்கும் சிப்பின் உடலுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் நுழைத்து, வேண்டிய காலுக்குப் பின்னால் வரும்படி வெளியே எடுங்கள். ஒரு முனையைப் பக்கத்தில் எங்காவது டேப்பால் ஒட்டி நிறுத்திக்கொண்டு, மறுமுனையை இடுக்கியால் மிக லேசாக இழுத்தபடியே அந்தக் காலை மட்டும் சூடாக்குங்கள். சாலிடர் உருகிய நொடியில் கம்பி வழுக்கிக்கொண்டு காலுக்கும் போர்டுக்கும் நடுவில் வந்து காலை ஒரு மயிரிழை மேலே தூக்கிவிடும். இரண்டு மூன்று நொடிக்கு மேல் சூடு கொடுக்க வேண்டாம், வரவில்லை என்றால் ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். பலமாக இழுத்தால் கால் சிப்பின் உடலோடு சேரும் இடத்தில் ஒடியும்.

தூக்கிய பிறகு மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்துக் காலுக்கும் அதன் பழைய பேடுக்கும் (போர்டில் அந்தக் கால் ஒட்டியிருந்த செம்புத் திட்டு) நடுவில் வைத்தால் பீப் வரக் கூடாது. பக்கத்துக் கால்களோடும் வைத்துப் பாருங்கள். புதிதாக எங்காவது தொடர்பு ஏற்பட்டிருந்தால் அங்கே சாலிடர் பாலம் விழுந்திருக்கிறது.

பல்ஸ் மேலா கீழா

கேட் சிப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு விஷயம் தெரிய வேண்டும்: அந்தக் கம்பி எப்போதும் உயர் நிலையில் இருந்து பல்ஸின்போது மட்டும் கீழே இறங்குகிறதா, அல்லது தாழ் நிலையில் இருந்து மேலே எழுகிறதா? ஆசிலோஸ்கோப் இருந்தால் நேரடியாகப் பார்த்துவிடலாம். இல்லாவிட்டாலும் மல்டிமீட்டர் போதும். தூக்கிய காலின் பழைய பேடில், கேமரா ஓடும்போது டிசி வோல்ட்டை அளந்து பாருங்கள். பல்ஸ் மிகச் சிறியது, மீட்டர் காட்டுவது சராசரி. ஆக லாஜிக் சப்ளை 5 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 5 காட்டினால் பல்ஸ் கீழ்நோக்கி இறங்குவது, கிட்டத்தட்ட 0 காட்டினால் மேல்நோக்கி எழுவது.

கீழ்நோக்கி இறங்கும் பல்ஸ் என்றால் 74ஹெச்சி32 என்ற ஆர் கேட் போதும். பழைய பேடிலிருந்து வரும் ஒயர் ஒரு உள்ளீட்டுக்கு, கட்டுப்பாட்டு ஒயர் இன்னொரு உள்ளீட்டுக்கு, வெளியீடு தூக்கிய காலுக்கு. கட்டுப்பாடு தாழ்ந்திருக்கும்போது பல்ஸ் வழக்கம்போல் போகும், உயர்ந்தால் வெளியீடு உயர்ந்தே நிற்கும், பல்ஸ் தெரியாது. மேல்நோக்கி எழும் பல்ஸுக்கு 74ஹெச்சி08 என்ற ஆண்ட் கேட், அதில் கட்டுப்பாட்டின் அர்த்தம் தலைகீழ்.

கேட் சிப்புக்கான மின்சாரத்தைக் கேமராவின் லாஜிக் சப்ளையிலிருந்தே எடுங்கள், 74ஹெச்சி வகை 2 முதல் 6 வோல்ட் வரை வேலை செய்யும். சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று. பயன்படுத்தாத உள்ளீடுகளை அந்தரத்தில் விடாமல் கிரவுண்டில் சேருங்கள். கட்டுப்பாட்டு உள்ளீட்டிலிருந்து 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றை, ஆர் கேட் என்றால் கிரவுண்டுக்கும் ஆண்ட் கேட் என்றால் சப்ளைக்கும் இணையுங்கள். இதன் பலன் பெரிது: கட்டுப்பாட்டு கேபிளைப் பிடுங்கினால் கேமரா தானாகவே சாதாரண வெப்கேம் ஆகிவிடும், நிலாவுக்கும் கோள்களுக்கும் பழையபடி பயன்படுத்தலாம்.

ஒயர்களைக் குட்டையாக வைத்து, ஒவ்வொன்றையும் போர்டோடு ஹாட் க்ளூவால் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் இருட்டில் யாராவது கேபிளை இழுத்தால் கால் கையோடு வந்துவிடும்.

கணினியிலிருந்து கட்டுப்படுத்துவது

அந்தக் காலத்தில் பிரிண்டர் போர்ட்டின் ஒரு டேட்டா பின்னை நேராகக் கட்டுப்பாட்டு ஒயரில் இணைப்பார்கள். இப்போது அந்தப் போர்ட்டே இல்லை, யூஎஸ்பியிலிருந்து பிரிண்டர் போர்ட்டாக மாற்றும் கேபிள்கள் இந்த வேலைக்குப் பெரும்பாலும் உதவாது. யூஎஸ்பி சீரியல் அடாப்டரில் மென்பொருள் நினைத்தபோது ஏற்றி இறக்கக்கூடிய ஆர்டிஎஸ் என்ற சிக்னல் கம்பி நன்றாக உழைக்கும். 9 பின் உள்ள ஆர்எஸ்232 அடாப்டர் என்றால் அதில் எதிர்மறை வோல்ட்டும் வரும், நேராக இணைத்தால் கேட் சிப் போய்விடும். நடுவில் ஒரு ஆப்டோகப்ளர் வைப்பதுதான் சரி, கணினிக்கும் கேமராவுக்கும் மின்தொடர்பே இல்லாமல் சிக்னல் மட்டும் போகும்.

மென்பொருள் இரண்டு வேலை செய்கிறது. எக்ஸ்போஷர் நேரம் முழுக்கப் பல்ஸை மறிக்கிறது, அப்புறம் ஒரு ஃபிரேம் அளவுக்குத் திறந்துவிட்டு அந்த ஒரு ஃபிரேமைப் பிடிக்கிறது. கேமராவிலிருந்து கணினிக்குப் படம் வந்து சேரக் கொஞ்சம் தாமதம் ஆகும் என்பதால் எந்த ஃபிரேம் என்பதைத் தாமத அமைப்பில் சரிசெய்ய வேண்டியிருக்கும். விண்டோஸில் கே3சிசிடிடூல்ஸ், ஷார்ப்கேப், லினக்ஸில் இண்டி ஆகியவை இந்த வகைக் கேமராக்களை அறிந்தவை.

மேசையிலேயே சோதனை

முதலில் கட்டுப்பாட்டு கேபிள் இல்லாமல் கேமராவை ஓட்டுங்கள், வழக்கமான படம் வர வேண்டும். வந்தால் சாலிடரிங் சரி. அப்புறம் லென்ஸை மாட்டி, அறையை நன்றாக இருட்டாக்கி, 2 நொடி, 5 நொடி, 10 நொடி என்று எடுங்கள். நடுவில் கறுப்பு ஃபிரேம்கள், கடைசியில் ஒரே ஒரு வெளிச்சமான ஃபிரேம், நேரம் கூடக் கூட அதன் வெளிச்சமும் கூட வேண்டும். படத்தின் பாதி வெளிச்சமாகவும் பாதி கறுப்பாகவும் வந்தால் பல்ஸ் திறக்கும் நேரம் ஃபிரேமோடு பொருந்தவில்லை என்று அர்த்தம், தாமத அமைப்பை மாற்றிப் பாருங்கள்.

மூடியைப் போட்டு 30 நொடி எடுத்தால் ஒரு ஓரத்தில் மங்கலான ஒளித்திட்டு தெரியும். சென்சாரின் வெளியீட்டு ஆம்ப்ளிஃபயர் தானே ஒளிர்வதால் வருவது இது. எக்ஸ்போஷர் நடக்கும்போது அதற்குப் போகும் 15 வோல்ட்டை ஒரு டிரான்சிஸ்டர் வைத்துக் குறைத்துவிட்டு, படம் வெளியேறும் நேரத்தில் மட்டும் திரும்பக் கொடுப்பது அடுத்த கட்ட மாற்றம். அதை முதல் நாளே செய்ய வேண்டாம். முதல் மாற்றத்தோடு சில இரவுகள் படம் எடுத்துப் பழகுங்கள், 10 நொடிப் படங்களில் இந்தத் திட்டு பெரிய தொல்லையாக இருக்காது.

வானத்தின் கீழ்

லென்ஸைக் கழற்றிவிட்டு, தொலைநோக்கியின் கண்லென்ஸ் இடத்தில் நுழையும் 1.25 அங்குல மூக்குக்குழாயை மாட்டுங்கள், லென்ஸின் மரை எம்12 என்பதால் அதற்கான அடாப்டர் கிடைக்கும். அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி பல மாடல்களில் லென்ஸோடு சேர்ந்தே போய்விடும், லென்ஸ் தொலைநோக்கியில் விண்மீன்கள் ஊதிப் போய்த் தெரிந்தால் மூக்குக்குழாயில் தனியாக ஒரு வடிகட்டி திருக வேண்டும்.

சென்சார் மிகச் சிறியது, புதியவர்கள் திணறுவது பெரும்பாலும் இங்கேதான். பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206-ஆல் பெருக்கி, தொலைநோக்கியின் குவியத் தொலைவை மில்லிமீட்டரில் போட்டு வகுத்தால் ஒரு பிக்சலுக்கு எத்தனை ஆர்க் நொடி என்று வரும் (ஒரு டிகிரிக்கு 60 ஆர்க் நிமிடம், ஒரு ஆர்க் நிமிடத்துக்கு 60 ஆர்க் நொடி). 1000 மி.மீ. குவியத் தொலைவில் 1.15 ஆர்க் நொடி, முழுப் படமும் 12-க்கு 9 ஆர்க் நிமிடம்தான். நிலாவின் அகலம் சுமார் 30 ஆர்க் நிமிடம். இந்தச் சட்டத்துக்குள் எம்57 வளைய நெபுலாவும் எம்27 டம்பெல் நெபுலாவும் அழகாக உட்காரும். கார்த்திகைக் கூட்டம் உட்காராது, ஒரியன் நெபுலாவின் நடுப்பகுதி மட்டும் வரும். குவியத்தைக் குறைக்கும் ரெட்யூசர் இருந்தால் கட்டாயம் போடுங்கள், இல்லாவிட்டால் 400 மி.மீ. அளவிலான சிறிய தொலைநோக்கியே நல்லது.

வானம் நொடிக்கு 15 ஆர்க் நொடி நகர்கிறது. மேலே சொன்ன 1000 மி.மீ.யில் ஒரே நொடியில் விண்மீன் 13 பிக்சல் தாண்டிவிடும். ஆகவே வானத்தின் நகர்வைத் தொடர்ந்து சுழலும், மோட்டார் உள்ள பூமத்திய மவுண்ட் என்ற தாங்கி இல்லாமல் இந்த மாற்றத்தால் பயனில்லை, அதைத் துருவத்தோடு பொருத்த எடுத்துக்கொள்ளும் நேரமும் வீண்போகாது. பிரகாசமான ஒரு விண்மீனை முதலில் சட்டத்துக்குள் கொண்டுவந்து, பக்டினோவ் மாஸ்க் (ஃபோகஸ் சரியா என்று காட்டும், கீற்றுகள் வெட்டிய மூடி) போட்டு ஃபோகஸ் செய்து, ஃபைண்டரையும் அந்த விண்மீனிலேயே பொருத்திவிட்டு அப்புறம் நெபுலாவுக்கு நகருங்கள்.

மென்பொருளில் தானியங்கி எதையும் விடாதீர்கள்: கெய்ன், வொயிட் பேலன்ஸ், ஷட்டர் எல்லாம் கைமுறையில். ஃபிரேம் வேகம் நொடிக்கு 5, அதற்கு மேல் போனால் கேமரா படத்தை அதிகமாகச் சுருக்கும். பிரைட்னஸை மட்டும் கவனமாக வையுங்கள். எந்த வெளிச்ச அளவில் எத்தனை பிக்சல் என்று காட்டும் ஹிஸ்டோகிராமில் வானத்தின் மேடு இடது சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். சுவரில் ஒட்டினால் நெபுலாவின் மங்கலான பகுதி அங்கேயே வெட்டுப்பட்டுவிடும், எத்தனை படம் அடுக்கினாலும் திரும்ப வராது. பின்னணி அழகாகக் கறுப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு இங்கே பலர் நல்ல இரவை வீணடிக்கிறார்கள்.

இந்தக் கேமரா தருவது 8 பிட், அதாவது 256 படிகள் மட்டும். ஒரு படத்தில் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. பல படங்களை அடுக்கும்போதுதான் விஷயம் இருக்கிறது: 16 படங்களைச் சேர்த்தால் இரைச்சல் நாலில் ஒரு பங்காகும், 100 என்றால் பத்தில் ஒரு பங்கு. அதனால் ஒரு இலக்கை எடுத்தால் அதிலேயே அந்த இரவைச் செலவிடுங்கள். முடிந்ததும் தொலைநோக்கியை மூடி, அதே நேரம், அதே கெய்னில், அதே குளிரில் இருபது இருட்டுப் படங்கள் எடுங்கள், சென்சாரின் சொந்தக் குறைகளைப் பின்னால் நெபுலாப் படங்களிலிருந்து கழிக்க அவை வேண்டும். வீட்டுக்குள் வந்து எடுக்கக் கூடாது, வெப்பநிலை 6, 7 டிகிரி கூடினாலே சென்சாரின் இருட்டு மின்னோட்டம் (வெளிச்சமே இல்லாமல் சேரும் மின்னூட்டம்) சுமார் இரட்டிப்பாகும், கழிக்கும்போது கணக்கு உதைக்கும். அடுக்குவதற்கு டீப்ஸ்கைஸ்டேக்கர், சிரில் இரண்டுமே இலவசம்.

குளிர்விப்பைப் பற்றி எல்லோரும் சீக்கிரமே யோசிக்கத் தொடங்குவார்கள். உறையில் துளை போட்டு ஒரு சின்ன ஃபேன் வைத்தால் பாதி வேலை முடிந்தது, ஃபேனின் அதிர்வு தொலைநோக்கிக்குப் போகாதபடி ரப்பர் வைத்து மாட்டுங்கள். மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிரும் பெல்டியர் தகட்டை வைக்க வேண்டுமென்றால் சென்சார் பனிநிலைக்குக் கீழே போகும், கண்ணாடியில் ஈரம் படியும், அதைத் தடுக்க உறையைக் காற்றுப் புகாமல் மூடி உள்ளே சிலிகா ஜெல் போட வேண்டும். அதைச் செய்யத் தயாராக இல்லை என்றால் ஃபேனோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஈரம் பட்ட சென்சார் போர்டில் ஷார்ட் ஆனால் இத்தனை நாள் சாலிடரிங்கும் போய்விடும்.